கண்டம் சொன்ன வீட்டில் ஓர் அல்லிக் குட்டை

வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை நிறையத் தண்ணீர் இருந்தும் என் மகளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? எல்லோரும் பயந்து பயந்து அவளைக் காவல் காத்ததாலா, அல்லது நான் ஒருத்தி பயப்பட மறுத்து அவளை அந்தத் தண்ணீரிலேயே இறக்கிவிட்டதாலா?

பயப்பட மறுத்து என்று எழுதிவிட்டேன். அது சரியில்லை. பயந்துகொண்டேதான் செய்தேன். ஆனால் செய்தேன்.

என் கணவர் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் மலைக்குக் குடிவந்தோம். எங்களுக்குக் கிடைத்த ஓட்டு வீட்டின் பின்புறம் ஒரு பள்ளம் இருந்தது. வீட்டுச் சுவருக்கு மண் வெட்டிய பள்ளம் என்றார்கள். மேலே பாறைச் சந்திலிருந்து ஓர் ஊற்று கசிந்து அதில் விழும். மழைக்காலத்தில் என் இடுப்பளவு நிற்கும். கோடையிலும் முழுதாக வற்றாது. நான் செங்கத்தில் பிறந்தவள். கோடையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் நின்றவள். கேட்காமலேயே தண்ணீர் வந்து நிற்கும் ஒரு தோட்டம் எனக்குக் கிடைத்தது என்பதை நம்பவே சில நாட்கள் ஆயின. அதில் அல்லி வைக்க வேண்டும் என்று வந்த அன்றே நினைத்துக்கொண்டேன்.

நினைத்ததோடு சரி. ஏனென்றால் அதற்குள் என் மாமனார் படவேட்டு ஜோசியரைப் பார்த்துவிட்டு மலைக்கு பஸ் ஏறி வந்துவிட்டார். அவருக்குக் கண்ணமங்கலத்துப் பக்கம் நெல்லும் கரும்பும். குரல் வரப்பிலிருந்து வரப்புக்குப் பேசும் குரல். வீட்டுக்குள்ளும் அதே அளவில்தான் பேசுவார்.

"கொயந்தைக்குத் தண்ணியில கண்டமாம். அஞ்சு வயசு தாண்டற வரைக்கும் ஆறு, கொளம், கெணறு எத்தாண்டயும் வுடக்கூடாதுன்னு அடிச்சிச் சொல்லிட்டாரு."

சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாம்மா இது? வூட்டாண்ட இம்மாந் தண்ணி கீது, நீ பாட்டுக்குக் கொயந்தைய வெச்சிக்கினு குந்திகினுகீற?"

"ஊத்துத் தண்ணிங்க மாமா."

"ஊத்தா இருந்தா இன்னா, காவாயா இருந்தா இன்னா? மண்ணு போட்டு மூடச் சொல்லு அவன."

அவன் என்றது என் கணவரை. என் கணவர் அப்பா சொல்லை மறுத்ததே இல்லை. உடனே செய்ததும் இல்லை. "சாமை அறுப்பு நடக்குதுப்பா, ஆளு கெடைக்காது" என்றார். அறுப்பு முடிந்தது, புளி உலுக்கும் காலம் வந்தது, அப்போதும் ஆள் கிடைக்கவில்லை. அவருடைய அந்தச் சோம்பலுக்கு இன்றுவரை நான் நன்றி சொன்னதில்லை.

ஆனால் மூடாத குட்டைக்குப் பதிலாக வீட்டுக்குள் ஒரு சட்டம் வந்தது. பின்கதவுக்குக் கொக்கி. மகளுக்குக் குளியல் சொம்புத் தண்ணீரில் மட்டும், என் மடியில் வைத்து. ஓடையைத் தாண்டும்போது அவள் கண்ணை என் முந்தானையால் மூட வேண்டும். குட்டைப் பக்கமே போக வேண்டாம் என்பதால், தெருக்கோடிக் கிணற்றிலிருந்து நீர் கொண்டுவந்து சமையலறையில் ஒரு பெரிய அண்டாவில் நிரப்பி வைப்பது. அண்டாவை வாங்கி பஸ் மேல் ஏற்றி அனுப்பியதும் மாமனார்தான். நான் படித்தவள், எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். கண்டத்தை நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் ஓடையைத் தாண்டும்போது கண்ணை மூடினேன். ஒருவேளை இருந்துவிட்டால் என்ன செய்வது? பெற்றவளுக்கு அந்த 'ஒருவேளை'யிலிருந்து தப்ப வழியே இல்லை.

மகளுக்கோ நடக்க வந்ததும் தண்ணீர் தவிர வேறு நினைப்பில்லை. சொம்பு காலியானால் அழுவாள். மழை பெய்தால் ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்து நிற்பாள். பாத்திரம் கழுவிய நீரில் உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு நாள் காலை நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். களியை நடுவில் விட்டால் கட்டிதட்டிப்போகும் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சத்தம் ஏதும் இல்லை. சத்தம் இல்லாததுதான் என்னைத் திரும்ப வைத்தது. முக்காலியை நகர்த்திப் போட்டு ஏறியிருக்கிறாள். அண்டாவுக்கு மேலே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

கணுக்காலைப் பிடித்துத் தூக்கினேன். இருமினாள், மூக்கில் நீர் வந்தது, மூச்சை இழுத்தாள். நான் அலறி அழுதேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, நீர் சொட்டும் தலையோடு சிரித்தாள். இவ்வளவு நாள் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன் பார் என்பது போல ஒரு சிரிப்பு. களி அடிப்பிடித்த நாற்றம் வீடெங்கும் பரவியது.

செய்தி கீழே போயிற்று. என் கணவருக்கு அவர் அப்பாவிடம் எதையும் மறைக்கத் தெரியாது. மாமனார் வந்தார்.

"பாத்தியா? கண்டம் சொன்னது எப்பிடி அச்சா நடந்துச்சி பாத்தியா? மொதல்ல அந்தக் குட்டைய மூடுங்க."

அண்டாவில் விழுந்ததற்குக் குட்டையை மூடச் சொல்கிறார்! 'அப்படின்னா அண்டாவ மூடலாமே மாமா' என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. "சரிங்க மாமா" என்றுதான் சொன்னேன். நான் அப்படித்தான் வளர்க்கப்பட்டவள். ஆனால் அந்த 'சரிங்க மாமா'வைச் சொல்லி முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். தண்ணீர் தெரியாத பிள்ளைதான் தலைகீழாகப் போய் விழும். தெரிந்த பிள்ளை முதலில் காலை வைத்துப் பார்க்கும். இவளுக்குத் தண்ணீரைக் காட்டிவிட வேண்டும். அதற்கு அந்தக் குட்டை, வெறும் பள்ளமாக இல்லாமல், ஆழம் குறைந்து, செடி நிறைந்து, நானும் அவளும் இறங்கி நிற்கும் இடமாக மாற வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது படவேட்டு ஏரியில் பூப் பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் அல்லிக் கிழங்கு கேட்டு வாங்கினேன். ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். போளூரில் மலை பஸ் ஏறியதும் கண்டக்டர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா மூட்டையில? மீனா?"

"பூங்க."

"பூவா? பூவுக்கு இம்மா நாத்தமா? தலையில வெச்சிக்காதீங்க தாயே, பஸ்ஸு தாங்காது."

பஸ் முழுக்கச் சிரித்தது. என் கணவர் அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முதலில் நட்டதைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எந்தச் செடியையும் வெறும் மண்ணில் வைக்கும் பழக்கம் கிடையாது. கத்தரியோ கரும்போ, முதலில் எரு. சாணம் போடாமல் நடுவது பிள்ளைக்குச் சோறு போடாமல் தூங்க வைப்பது போல எங்களுக்கு. நானும் மூங்கில் கூடையில் களிமண்ணோடு பாதிக்குப் பாதி பசுஞ்சாணம் பிசைந்து, மஞ்சள் கிழங்கு நடுவதுபோலக் கிழங்கை ஆழமாக அமுக்கி, குட்டையின் அடியில் இறக்கினேன். "நல்லா எரு போட்டியா?" என்று என் கணவரே கேட்டார். நிறையப் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

சில நாளில் கூடைகள் ஏப்பம் விட ஆரம்பித்தன. அடியிலிருந்து குமிழ் குமிழாக வந்து உடைந்தது. தண்ணீர் பச்சையானது, பிறகு கறுத்தது. கிழங்குகள் அழுகி ஒவ்வொன்றாக மேலே மிதந்தன. கொசு என்றால் கொசு. நாற்றம் பள்ளிக்கூடம்வரை போயிற்று.

பக்கத்து நிலத்தில் சாமை போடும் ஒரு மலைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும், முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வேலி ஓரம் வந்து நின்றாள். சந்தைக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள்.

"இன்னா வாத்தியாரூட்டம்மா, கொளத்துலயே சாணி கரைச்சி மலைக்கே வாசல் தெளிக்கப் போறீங்களா?"

எனக்கு அழுகையாக வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. கண்டம், அண்டா, மாமனார் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"எங்க புள்ளைங்களுக்கெல்லாம் கண்டமே கெடையாது தெரியுமா? ஜோசியரு மலை ஏற மாட்டாரு. மூச்சு வாங்குமாம்."

முதுகிலிருந்த பிள்ளையை இறக்கி என் மகளிடம் விட்டுவிட்டு, தானே ஒரு வாளியை எடுத்தாள். அவளும் நானுமாக இறைத்தோம். ஏன் அழுகியது என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது. பசுஞ்சாணம் தண்ணீருக்குள் புளித்திருக்கும் என்றேன் நான். ஆழமாக அமுக்கியதில் மூச்சு முட்டியிருக்கும் என்றாள் அவள். இரண்டையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். இந்த முறை ஓடைக்கரைக் களிமண் மட்டும். மிஞ்சிய நல்ல கிழங்குகளை முளை வெளியே தெரியும்படி படுக்க வைத்து, மண் கலங்காமல் இருக்க மேலே மணலும் கூழாங்கல்லும் பரப்பினேன். குட்டையின் ஒரு பக்கம் கல் அடுக்கி, மகள் முழங்கால்வரை நிற்கும்படி ஒரு படி கட்டினேன். கூடைகளைச் செங்கல் மேல் ஏற்றி வைத்து, இலை நீள நீள ஒவ்வொரு செங்கல்லாக உருவினேன். கொசுவுக்கு ஓடையிலிருந்து சின்னக் கெண்டைகள்.

முதல் இலை செம்பு நிறத்தில் சுருண்டு வந்து, நீர்மேல் பட்டதும் விரிந்தது. இடுப்பில் இருந்த மகள் கையை நீட்டி, "தட்டு" என்றாள்.

அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை எப்படிச் சொல்ல! ஆனால் திமிர் போதாது என்றும் தெரியும். நாற்றச் செய்தி கண்ணமங்கலத்துக்கு எட்டியிருக்கும். மாமனார் எந்த நாளும் மண்ணோடு வருவார். நான் என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது. அவர் காதில் ஏறும் ஒன்றைக் கரையில் நட வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பெண்ணின் நிலத்துச் சேற்றோரம் வசம்பு கத்தை கத்தையாக நின்றது. வேரைக் காயவைத்துச் சந்தையில் விற்பாள். பிள்ளை பெற்ற வீட்டில் வசம்பு இல்லாமல் நடக்குமா? சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது, கையில் வளையலாகக் கட்டுவது எல்லாம் அதுதான். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். என் புகுந்த வீட்டில் அந்தி சாய்ந்தால் வசம்பு என்று வாயால் சொல்லக்கூட மாட்டார்கள். 'அது' என்பார்கள். இதுவும் நீர்ச்செடிதான், கால் நனைந்தால் போதும்.

"கரை சுத்தி நடறதுக்கு இம்மாங் கெழங்கா?" என்று கேட்டாள் அவள்.

"கொழந்த கிட்ட போகாம இருக்க வேலி மாதிரி."

"நட்டா பாம்பு வராதும்மா. மாமனாரு வருவாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது."

வேலிக்காகத்தான் நட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். இங்கே உண்மையை எழுதலாம். வேண்டுமென்றே, அவருக்காகவே நட்டேன். கரையில் ஓர் அடிகூட வெற்றிடம் விடாமல் நட்டேன். வேர் பிடித்து வாள் போல இலை எழும்பும்வரை அவர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தார். புளி ஏற்றப் போகும் லாரியில் மலைக்கு மண்ணை ஏற்றிக்கொண்டு, இரண்டு ஆட்களோடு. மலையில் மண் கிடைக்காது என்று நினைத்தாரோ, தன் நிலத்து மண்ணைத்தான் நம்பினாரோ தெரியவில்லை. மண்ணைக் கொல்லையில் கொட்டி முடிக்க விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. ஆட்கள் கூடையைத் தூக்கினார்கள். என் கணவர் வாசற்படியில் நின்று வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் போய் நின்றேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

"மூடுங்க மாமா. நான் வேணாம்னு சொல்லல. கரையில இருக்கறத மட்டும் மொதல்ல உங்க கையால பிடுங்கிப் போட்டுடுங்க."

"புல்லப் புடுங்க நான் எதுக்கு? மண்ணு போட்டா அதுவே அமுங்கிப் போவுது."

"புல்லு இல்லீங்க மாமா. கசக்கிப் பாருங்க."

குனிந்தார். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே குனிந்தபடி இருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அவள் கையில் கட்டியிருந்த வளையலைப் பார்த்தார்.

"அதுவா?"

"அதுதாங்க மாமா."

"சுத்தியுமா?"

"சுத்தியும்."

பிள்ளை இருக்கிற வீட்டில் அதை மண்போட்டுப் புதைக்க அவரால் முடியாது. பிடுங்கவும் முடியாது. அந்த ஆட்களாலும் முடியாது. கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். மாமனாருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் அது என்மேல் வரவில்லை.

"டேய், உம் பொண்டாட்டி பொல்லாதவடா" என்றார் என் கணவரைப் பார்த்து. "வாத்தியாருக்குப் படிச்சியே, இதுல ஒண்ணாச்சும் உனக்குத் தெரிஞ்சிதா?"

அவர் மனம் மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று என் கையால் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் வரும்போதெல்லாம் குட்டைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, அரை நாழிகைக்கு ஒருமுறை "கொயந்த எங்க?" என்று கேட்பார். என் கணவர் பள்ளியிலிருந்து இடைவேளையில் ஓடிவந்து பார்ப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் களை எடுக்கும்போது ஒரு கண்ணை இந்தப் பக்கம் வைத்திருப்பாள். மாமனார் கொட்டிவிட்டுப் போன மண்ணை நான் வீணாக்கவில்லை. குட்டையின் நடுவில் பாதியைப் போட்டு ஆழத்தைக் குறைத்தேன். அல்லிக்கு அந்த மண் நன்றாகவே பிடித்தது.

மகளைத் தினமும் கல்படியில் இறக்கினேன். முதல் நாள் அவள் தலையைத்தான் முதலில் நீட்டினாள், அண்டாவில் போலவே. பிடித்துக்கொண்டேன். இலைக்கு அடியில் கெண்டை ஓடுவதைக் காட்டினேன். கொஞ்ச நாளில் காலை முதலில் வைக்கக் கற்றாள். பிறகு கேட்காமலேயே என் விரலைப் பிடித்துக்கொள்ளக் கற்றாள். வெள்ளை அல்லி பூத்த காலையில் அதைப் பறிக்காமல், குனிந்து அதன்மேல் ஊதினாள், ஆறவைப்பதுபோல. அப்போது நான் இந்த உலகத்தில் யாருக்கும் பயப்படவில்லை. ஒரு நிமிஷம்தான். அப்புறம் அவள் கால் வழுக்குமோ என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

ஜோசியர் சொன்ன வயதைத் தாண்டி இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். கண்டம் தீர்ந்ததென்று மாமனார் கோயிலில் பொங்கல் வைத்தார். நானும் போய்க் கும்பிட்டேன். எதற்காகக் கும்பிட்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது எனக்கு ஒரு மகன். தவழ்கிறான். மாமனார் அவனுக்கும் ஜாதகம் பார்த்துவிட்டு வந்தார்.

"பையனுக்குக் கண்டமே கெடையாதாம். ராஜாவாட்டம் இருப்பானாம்."

அவ்வளவுதான், காவல் எல்லாம் கலைந்துவிட்டது. "கொயந்த எங்க?" என்று யாரும் கேட்பதில்லை. பின்கதவுக் கொக்கி தொங்குகிறது. என் கணவர் இடைவேளையில் வருவதில்லை. கண்டம் இல்லாத பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம். "நீதான் கண்டத்த நம்பாதவளாச்சே, இப்ப இன்னா பயம்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். அன்று ஊரே பயந்தது, அதனால் நான் எதிர்த்து நிற்க முடிந்தது. இன்று பயம் முழுவதும் என் ஒருத்தி தலையில். வசம்போ இடுப்புயரம் வளர்ந்து கரையை மூடி நிற்கிறது. மாமனாரை நிறுத்திய அந்த இலைகள் தவழும் பிள்ளையை நிறுத்துவதில்லை. நேற்று அவன் இரண்டு கத்தைக்கு நடுவே நுழைந்துவிட்டான். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் இலை அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஓடினேன். கல்படி ஓரத்தில் உட்கார்ந்து ஓர் இலையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

இதைப் படிக்கிறவர்களில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வீடு கட்டிப் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். அந்தத் தவழும் மாதங்களை எப்படிக் கடந்தீர்கள்? வசம்பை வெட்டி விலக்கி, தண்ணீர் ஜன்னலிலிருந்து தெரியும்படி வைப்பதா? மூங்கில் தட்டி கட்டினால் அதைப் பிடித்து ஏறப் பழகிவிடுவானா? இவனையும் அக்காளைப் போல இப்போதே கல்படியில் இறக்கலாமா, இல்லை நடக்கும்வரை பொறுக்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஜோசியர் பயமுறுத்தாத ஒரு வீட்டில் மற்றவர்களையும் காவலுக்கு நிற்க வைப்பது எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள். மூடிவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த யோசனை சொல்ல எங்கள் குடும்பத்திலேயே ஆள் இருக்கிறார்.